அம்மம்மாவின் கூழ்ப்பானை

எங்கள் வீட்டில் சமையற் குறிப்பு எழுதிவைத்த கொப்பி என்று ஒன்று இருந்ததில்லை. அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியும். பஞ்சாங்கம் பார்ப்பார், கடிதம் எழுதுவார், சங்கக்கடைக் கணக்கில் பிழை இருந்தால் நின்ற இடத்திலேயே கண்டுபிடிப்பார். ஆனால் எந்தக் கறிக்கு எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. கேட்டால், "கைக்குத் தெரியும் மோனை" என்பதுதான் பதில். அந்தக் கை இல்லாமற் போன பிறகுதான், எங்கள் குடும்பத்துக் கூழை எப்படிக் காய்ச்சுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது எங்களுக்கு விளங்கியது.

அன்பான சகோதரிகளே, இந்தக் கட்டுரையின் முடிவில் ஒரு சமையற் குறிப்பு இருக்கிறது. ஒடியற் கூழ் காய்ச்சும் முறை. அது உங்களிற் பலருக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் குறிப்பு என் கைக்கு வந்து சேர்ந்த விதத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இருபத்துமூன்று பனைகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளை எங்கள் ஊர். ஒரு பக்கம் வயலும் குளமும், மறுபக்கம் சில மைல் தூரத்தில் நந்திக்கடலும் பெருங்கடலும். சோறும் மீனும் குறைவில்லாமல் கிடைத்த ஊர். அம்மம்மாவின் வளவில் இருபத்துமூன்று பனைகள் நின்றன. ஒவ்வொன்றையும் அவருக்குத் தனித்தனியே தெரியும். கிணற்றடிப் பனையின் பழம் இனிப்பு, வேலியோரப் பனையின் பழம் தும்பு என்று பிள்ளைகளின் குணம் சொல்வதுபோலச் சொல்வார்.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். விடியப்புறம் 'தொப்' என்று சத்தம் கேட்டால் அம்மம்மா எழும்பிவிடுவார். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பாயில் ஊற்றிக் காயவிட்டுப் பனாட்டுப் போடுவார். மிஞ்சிய விதைகளைக் குவித்துவைத்து, மாரி மழைக்கு முன் பாத்தி போடுவார். மண்ணைக் கொத்தி உயர்த்தி, விதைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் மூடுவதுதான் பாத்தி. தை பிறந்து சில நாளில் பாத்தியைக் கிண்டினால் வெள்ளை வெளேரென்று கிழங்கு வரும். அவித்துத் தின்றது போக, மிச்சத்தை இரண்டாகப் பிரிப்பார். பச்சைக் கிழங்கைத் தோலுரித்து, நெடுக்காகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்துக் காயவிட்டால் அது புழுக்கொடியல். புழுக்கொடியலை நாங்கள் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்போம். ஒடியல் உரலுக்குப் போகும். இடித்து, அரிதட்டில் அரித்துத் தும்பு போக்கி, மூடி இறுக்கமான பிஸ்கற் ரின்னில் மாவை அடைத்து வைப்பார்.

காய்ந்த ஒடியல் மாதக்கணக்கில் பழுதாகாது. அதனால்தான் எங்கள் முன்னோர் அதைப் பஞ்சகாலத்துக்கான சேமிப்பாக வைத்திருந்தார்கள். "நெல்லு மழையை நம்பும். பனை ஒருத்தரையும் நம்பி நிக்காது" என்று அம்மம்மா சொல்வார்.

சனிக்கிழமைக் கூழ்

கூழ் எங்கள் வீட்டில் நினைத்த நேரம் காய்ச்சுகிற சாமான் அல்ல. வெள்ளிக்கிழமை மச்சம் கிடையாது. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வரும் நாட்களில், பாக்குத்தெண்டல் தொடங்கிப் பொங்கல் முடியும்வரை குசினிப் பக்கம் மீனே வராது. கடல் நீரில் விளக்கெரியும் அந்த நாட்களில் ஊரே விரதத்தில் இருக்கும். அதெல்லாம் இல்லாத ஒரு சனிக்கிழமையில்தான் அம்மம்மா பெரிய மண்பானையை இறக்குவார். அந்தப் பானை இறங்குவதைக் கண்டாலே எங்களுக்குப் பெருநாள்.

குசினிக்குள் அந்தப் பானை வைக்க இடம் போதாது. மாமரத்தின் கீழ் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார். மதியத்துக்குக் கிட்டவாகக் கூழ் வற்றி மணம் எழும்பும்போது நாங்கள் பனையோலைக் குருத்தில் பிளா கோலிக்கொண்டு வரிசையாக நிற்போம். ஆனால் முதல் பிளா எங்களுக்கு இல்லை. அது பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. இரண்டாவது, கிணறு இறைக்க வந்தவருக்கு. மூன்றாவது, மீன் கொண்டுவந்த ஐயா சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு நிற்பார், அவருக்கு. பிறகுதான் வீட்டுப் பிள்ளைகள்.

ஒருநாள் நான் பசியில் சிணுங்கினேன். எட்டு வயது இருக்கும். அம்மம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மணம் போன இடத்துக்குக் கூழும் போகவேணும் பிள்ளை. இல்லாட்டில் அது எங்களுக்குச் சமிக்காது."

அதைச் சாப்பாட்டுச் சாத்திரம் என்றுதான் அன்று நினைத்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த ஆண்டு கிளாலிக் கடல் கடந்து பல்லாயிரம் பேர் வன்னிக்கு வந்தார்கள். எங்கள் வளவிலும் இரண்டு குடும்பங்கள் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. பனங்களியில் உடுப்புத் தோய்த்த காலம் அது. அப்போதும் மாதத்தில் ஒரு தடவையாவது பெரிய பானை இறங்கியது. மீன் இல்லாவிட்டால் கருவாடு போடுவார். கருவாடும் இல்லாவிட்டால் முருங்கையிலையும் மரவள்ளிக்கிழங்கும் போடுவார். ஆட்கள் கூடக் கூடத் தண்ணீரும் மாவும் கூடும். "இவ்வளவு பேருக்குக் காணுமோ அம்மம்மா?" என்று கேட்டால், "கூழுக்குக் காணாமைப் போறது தெரியாது" என்று சிரிப்பார்.

பொக்கணையில் ஒருநாள்

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கடினமானது.

2008 மார்கழியில் முள்ளியவளையை விட்டு வெளிக்கிட்டோம். நான், என் கணவர், நான்கு வயது மகள், எழுபத்தைந்து வயது தாண்டிய அம்மம்மா. அம்மா எங்களோடு இல்லை. 2006இல் யாழ்ப்பாணத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்த வேளை, ஆவணி மாதத்தில் முகமாலைப் பாதை மூடப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டினோம். அம்மம்மா தன் கையால் எடுத்தது இரண்டே பொருட்கள். ஒன்று அம்மன் படம், மற்றது ஒடியல் மா நிறைந்த பிஸ்கற் ரின்.

புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று நகர்ந்து நகர்ந்து, 2009 மாசி முடிவில் பொக்கணைக் கடற்கரை மணலில் ஒரு தறப்பாளின் கீழ் வந்து சேர்ந்தோம். ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல். இடையில் ஒடுங்கிய மணல் திட்டில் இலட்சக்கணக்கான சனம். நல்ல தண்ணீர் அருமை. தொண்டர்கள் பெரிய கிடாரங்களில் அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். அந்தக் கஞ்சிக்காகப் பிள்ளைகள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. இன்று ஒவ்வொரு மே மாதமும் எங்கள் மண்ணில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறார்களே, அது அந்த நாட்களின் நினைவுதான்.

ஒருநாள் கஞ்சிக்குப் போய், அதுவும் கிடைக்காமல் வெறும் பாத்திரத்தோடு வந்தேன். எங்கள் தறப்பாள் வாசலில் புகை. அம்மம்மா கூழ் காய்ச்சியிருந்தார். மீன் இல்லை, கிழங்கு இல்லை. மாவும் உப்பும் இரண்டு செத்தல் மிளகாயும் ஒரு துண்டுப் புளியும் மட்டும். எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கிட்ட வந்து பார்த்தால், பக்கத்துத் தறப்பாளில் இருந்த பெண்ணின் மூன்று பிள்ளைகளும் எங்கள் கோப்பைகளில் குடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டியின் அடியில்தான் கொஞ்சம் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு வேகும். "எங்கட பிள்ளை பட்டினி கிடக்க ஊராற்றை பிள்ளையளுக்கு ஊத்துறியளே! இருக்கிற மாவும் முடிஞ்சால் நாளைக்கு என்ன செய்யப்போறியள்?" என்று கத்தினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். அம்மம்மா கோபிக்கவில்லை. "மணம் அங்காலையும் போட்டுது மோனை, நான் என்ன செய்ய?" என்று மெல்லச் சொன்னார். மிச்சக் கூழை என் மகளுக்கு ஊட்டிவிட்டார். தான் குடிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து மகளுக்கு வயிற்றோட்டம். கணவருக்குக் காய்ச்சல். செல் விழுந்துகொண்டிருந்தது. என்னால் பங்கரை விட்டு நகர முடியவில்லை. மத்தியானம் கடந்தபோது அந்தப் பெண் குனிந்தபடி ஓடிவந்தாள். கையில் ஒரு சிறிய வாளி. தான் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியில் பாதி. "பிள்ளைக்குக் குடுங்கோ அக்கா. ஆச்சிக்கும் குடுங்கோ" என்று வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அவளுடைய மூன்று பிள்ளைகளின் பங்கில் எடுத்தது அது.

அம்மம்மா என்னைப் பார்க்கவேயில்லை. "நான் சொன்னனான் தானே" என்றுகூடச் சொல்லவில்லை. கஞ்சியை ஆற்றி மகளுக்குப் பருக்கினார். அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20ஆம் திகதி சனத்தோடு சனமாக நாங்களும் வெளியே வந்தோம். அந்த நெரிசலில் ரின் எங்கே விழுந்ததோ தெரியாது. செட்டிகுளம் முகாமில் அம்மம்மா நாளுக்கு நாள் மெலிந்தார். ஒருநாள் கூடாரத்துக்கு வெளியே இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, "இப்ப ஆவணி எல்லே? வளவிலை பழம் விழும். ஆர் பொறுக்கிறது?" என்று கேட்டார். அந்த மாதமே காலமானார். அவரிடம் நான் கேட்க நினைத்த மன்னிப்பு என்னோடேயே நின்றுவிட்டது.

கைத்துப் போன கூழ்

2011இல் ஊருக்குத் திரும்பினோம். வீட்டின் சுவர்கள் பாதி நின்றன. பற்றை மண்டிக் கிடந்த வளவில் பனைகளை எண்ணினேன். ஏழு. பதுங்குகுழிக்குக் குற்றி தறித்ததில் போனவை சில, செல் பட்டு வட்டுக் கருகி நின்றவை சில. கிணற்றடிப் பனை தப்பி நின்றது.

அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு சேர்ந்தார். அடுத்த ஆண்டு அம்மம்மாவின் திவசம் முடிந்த பின் வந்த சனிக்கிழமை, கூழ் காய்ச்சுவோம் என்று நான்தான் சொன்னேன். மா கடையில் வாங்கினேன். மீன், நண்டு, கிழங்கு எல்லாம் சேர்த்தேன். எத்தனை தரம் குடித்த கூழ், காய்ச்சத் தெரியாமலா போகும் என்ற எண்ணம்.

வாயில் வைக்க முடியவில்லை. அப்படி ஒரு கைப்பு. மா கட்டி பட்டிருந்தது. கிழங்கு கல்லாக இருந்தது. மகள் துப்பிவிட்டு, "இதையே அம்மா நல்லது எண்டனீங்கள்?" என்று கேட்டாள். அம்மா பிளாவைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தார். பக்கத்தில் போனேன். "நான் ஒருநாளும் கேட்டதில்லையடி. பள்ளிக்கூடத்தாலை வருவன், குடிப்பன், கொப்பி திருத்தப் போயிடுவன். அம்மா எப்பவும் இருப்பா எண்ட நினைப்பு" என்றார். எனக்கும் அதே நினைப்புத்தானே இருந்தது.

துண்டு துண்டாகத் திரும்பி வந்தது

முதலில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போனேன். அவரும் எண்பதைத் தொட்டுவிட்டார். கண் மங்கல், ஆனால் ஞாபகம் தெளிவு. நான் செய்ததைச் சொல்லக் கேட்டுச் சிரித்தார். "புளியை முதலிலை விட்டனியே? புளி முந்தினால் கிழங்கு அவியாது, பலாக்கொட்டையும் அவியாது. கொம்மம்மா எல்லாம் மசிஞ்ச பிறகுதான் புளி விடுவா. அவவின்ரை வளவிலை எத்தனை நாள் குந்தியிருந்து பாத்தனான்" என்றார். மரவள்ளி போட்ட பானைக்கு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று அம்மம்மா காவல் இருப்பாராம். அதையும் அவர்தான் நினைவுபடுத்தினார்.

மீன் ஐயா இப்போது சைக்கிள் மிதிப்பதில்லை. மகன் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறார். ஐயாவைத் தேடிப் போய்க் கேட்டேன். "உங்கட அம்மம்மா கூழுக்குப் பெரிய மீன் துண்டு வாங்கமாட்டா பிள்ளை. தலை, சின்ன மீன், நந்திக்கடல் இறால், நாலு நண்டு. எல்லாம் கலந்து தா எண்டுவா. பெரிய துண்டு போட்டால் ஒருத்தற்றை பிளாவிலை துண்டு வரும், மற்றவற்றை பிளாவிலை வெறும் சாறு வரும். அது வஞ்சகம் எண்டுவா" என்றார். இந்த விடயம் எனக்கு முற்றிலும் புதிது. அத்தனை வருடம் குடித்தும் நான் கவனித்ததில்லை.

அம்மாவுக்கும் ஒன்று நினைவு வந்தது. செத்தல் மிளகாயை அம்மியில் வைத்து, மிளகும் மஞ்சளும் உள்ளியும் சேர்த்து, மையாக அரைக்காமல் கொரகொரப்பாக எடுப்பாராம். அந்தச் சத்தத்தில்தான் அம்மா சனிக்கிழமைகளில் கண்விழிப்பாராம்.

எல்லாம் சேர்த்து இரண்டாம் முறை காய்ச்சினேன். கிழங்கு அவிந்தது, மணம் வந்தது. ஆனால் கைப்பு மட்டும் போகவில்லை. கடை மா சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2013இல் ஒருநாள் முல்லைத்தீவில் கிளினிக் வரிசையில் இருந்தபோது எனக்கு முன்னால் இருந்த பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பொக்கணையிலை..." என்று தொடங்கினாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவளுடைய மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர்தான் இப்போது இருக்கிறார்கள். அம்மம்மா காலமானதைச் சொன்னேன். நெடுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள்:

"அண்டைக்கு ஆச்சி மாவைத் தண்ணியிலை கரைச்சு வைச்சுக்கொண்டு இருந்தவ. குடிக்கவே தண்ணியில்லை, ஆச்சி தெளிஞ்ச தண்ணியை மண்ணிலை ஊத்தினவ. எனக்குப் பதறிப் போச்சு. ஏனணை ஆச்சி எண்டு கேட்டன். பசிக்குது எண்டதுக்காகப் பிள்ளையளுக்குக் கைப்பைக் குடுக்கேலாது எண்டு சொன்னவ. ரெண்டு தரம் ஊத்தினவ அக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தேடிய கடைசித் துண்டு அதுதான். ஒடியல் மாவின் கைப்புத் தண்ணீரில் இறங்கும். மாவை ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, மறுபடி ஊறவைத்து வடித்தால்தான் கூழ் வாய்க்கு வரும். வீட்டில் அம்மம்மா அதை விடியற்காலையிலேயே செய்து முடித்திருப்பார். நாங்கள் எழும்பும்போது மா தயாராக இருந்திருக்கும். அதனால்தான் வீட்டில் ஒருவரும் அதைக் காணவில்லை.

அன்று நான் கத்தி விரட்டிய அந்தப் பெண்தான் எங்கள் குடும்பத்துக் கூழை எனக்குத் திருப்பித் தந்தாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ அக்கா, அந்த நேரம் ஆருக்குத்தான் கோபம் வராது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மம்மாவிடம் கேட்க முடியாமற் போனதை ஓரளவுக்கு அவளிடம் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சகோதரிகளே, நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. அம்மம்மா கூழை எங்களுக்கு மட்டும் காய்ச்சித் தந்திருந்தால், அவரோடு அதுவும் போயிருக்கும். குடும்பத்துக்குள் இருந்த நாங்கள் ஒருவரும் அதைக் காப்பாற்றவில்லை. அவர் அள்ளிக் கொடுத்த வெளி ஆட்கள்தான், ஆளுக்கொரு துண்டாக அதை வைத்திருந்தார்கள்.

அம்மம்மாவின் ஒடியற் கூழ்
(எட்டுப் பேருக்கு)

தேவையான பொருட்கள்:
ஒடியல் மா – 250 கிராம்
மீன் தலையும் சிறு மீனும் கலந்து – அரைக் கிலோ
நண்டு – 4
இறால் – 250 கிராம்
மரவள்ளிக்கிழங்கு – 250 கிராம்
பயிற்றங்காய் – 100 கிராம்
பலாக்கொட்டை – 15
குத்தரிசி – ஒரு கைப்பிடி
முருங்கையிலை – ஒரு கைப்பிடி
செத்தல் மிளகாய் – 12 முதல் 15
மிளகு – ஒரு தேக்கரண்டி
மஞ்சள் – சிறு துண்டு
உள்ளி – 6 பல்லு
பழப்புளி – பெரிய தேசிக்காய் அளவு
உப்பு – அளவாக
தண்ணீர் – ஏறக்குறைய 3 லீற்றர்

செய்முறை:
1. விடியவே மாவை நிறையத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். ஒரு மணித்தியாலம் சென்றதும் மா அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மெதுவாக வடித்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி ஊறவிட்டு வடியுங்கள். இதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.
2. மிளகாய், மிளகு, மஞ்சள், உள்ளி ஆகியவற்றைச் சிறிது உப்போடு கொரகொரப்பாக அரையுங்கள்.
3. பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முதலில் அரிசியும் தோல் நீக்கிய பலாக்கொட்டையும் போடுங்கள். அவை அரை அவியலாகும்போது மரவள்ளித் துண்டுகளைப் போட்டு மூடாமல் அவியவிடுங்கள். பின்னர் பயிற்றங்காய்.
4. கிழங்கு மசியும் பதத்தில் நண்டு, மீன், இறால் என்ற ஒழுங்கில் சேருங்கள்.
5. எல்லாம் அவிந்த பின்னரே அரைத்த கூட்டையும் கரைத்த புளியையும் விடுங்கள். உப்புப் பாருங்கள்.
6. வடித்து வைத்த மாவைக் கொஞ்சத் தண்ணீரில் இளக்கி, அடுப்பைத் தணித்து, ஒரு கையால் ஊற்றிக்கொண்டு மறு கையால் துழாவுங்கள். முருங்கையிலையையும் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறி, மா நன்றாகக் கொதித்துத் தடிக்கும் வரை அடுப்பில் வையுங்கள். அரைவேக்காட்டில் இறக்க வேண்டாம்.
7. பிளாவில் அல்லது சிரட்டையில் ஊற்றிச் சூட்டோடு குடியுங்கள். தேங்காய்ச் சொட்டு இருந்தால் இன்னும் நல்லது.

மரக்கறிக் கூழ் வேண்டுவோர் மீன் வகைகளை விட்டுக் கிழங்கையும் கொட்டையையும் இலையையும் கூட்டிக்கொள்ளலாம். ஒடியல் மாவில் நார்ச்சத்து அதிகம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாத்தி போடுவோம்

1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது முதல் பனம்பொருட்களுக்குச் சந்தை தேடும் முயற்சிகள் நடக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களும் பெண்களின் சிறு குழுக்களும் ஒடியல் மா செய்து விற்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்க் கடைகளில் அந்த மா பொதியாகக் கிடைக்கிறது. பனியில் உறைந்த நண்டைப் போட்டு அங்குள்ள நம் பெண்கள் கூழ் காய்ச்சுகிறார்கள். எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் மா வரவேண்டுமானால் கிழங்கு வேண்டும், கிழங்குக்கு விதை வேண்டும், விதைக்கு மரம் வேண்டும். ஒரு பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். இன்று விதைப்பவர் நாளை பழம் பொறுக்க முடியாது. பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் என்றுதான் விதைக்க வேண்டும்.

திரும்பி வந்த ஆண்டிலேயே வேலியோரம் நாற்பது விதை புதைத்தேன். மாடு மிதித்ததும் வெயிலில் கருகியதும் போக இருபத்தாறு நிற்கின்றன. இன்னும் ஒன்றும் காய்க்கவில்லை. மிஞ்சிய ஏழு பனைகளின் பழத்தில்தான் ஒவ்வோர் ஆண்டும் பாத்தி போடுகிறேன்.

உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், இந்த மாதமே அவர் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு கறியைக் காய்ச்சப் பாருங்கள். "எவ்வளவு உப்பு?" என்று கேட்டால் பதில் வராது. அவர் எடுக்கும்போது அந்தக் கையின் கீழ் உங்கள் கையைப் பிடியுங்கள், விழுவதை அளந்து எழுதுங்கள். அவர் விடியப்புறம் செய்யும் வேலையையும் எழும்பிப் பாருங்கள். முக்கியமானது அங்கேதான் இருக்கும். அவரிடம் சொல்லவேண்டிய மன்னிப்பு ஏதும் உங்களிடம் இருந்தால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பொக்கணையில் கூழ் குடித்த என் மகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. மேலே உள்ள அளவுகளை நிறுத்து எழுதித் தந்தது அவள்தான். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு சமையற் கொப்பி வந்திருக்கிறது. அதில் ஏழாவது விடயத்துக்குக் கீழே அவள் தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "முதல் பிளா பக்கத்து வீட்டுக்கு."